அப்பா சொன்னதாக நான் சொன்னது

நவம்பர் மாதத்தில் பள்ளிக்கூடச் சந்திப்புக்குப் போகிறவர்கள் நல்ல சப்பாத்துப் போடக்கூடாது. வாசலில் பனி உருகப் போட்ட உப்பும் சேறும் கலந்து கிடக்கும். இதை நான் அப்பாவிடம் முன்கூட்டியே சொன்னேன். அவர் கேட்கவில்லை. மகளின் ரீச்சரைப் பார்க்கப் போகும்போது ஞாயிறு பூசைக்குப் போடும் சப்பாத்தைத்தான் போடவேண்டும் என்றார்.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. நாங்கள் மூன்று பேரும் மோர்னிங்சைட்டில் ஒரு மாடிக் கட்டடத்தின் பதினோராம் தட்டில் இருந்தோம். அப்பா அமிர்தநாதர், ஊர்காவற்றுறையில் வள்ளம் கட்டிய தச்சர். இங்கே பின்னேர வேலையாக அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவாக்கினார். தங்கை எமில்டாவுக்குப் பதினேழு வயது. அம்மா கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்த காலத்தில் காய்ச்சலில் இறந்துவிட்டார். நான் வின்சன்ற். எல்லோருக்கும் முன்னால் வந்தவன், அவர்களைக் கூப்பிட்டு எடுத்தவன். அப்பாவுக்கு ஆங்கிலம் பிடிபடவில்லை. டொக்டரிடம், வங்கியில், குடிவரவு அலுவலகத்தில் அவருக்காகப் பேசியது நான்தான். எங்கள் கட்டடத்தில் வேறு குடும்பங்களும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று எனக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயர் நியாயமானது.

எமில்டா அப்போது ஓஏசி படித்துக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகம் போவதற்கு முன்னான கடைசி வருடம் அது. இரசாயனம் அவளுக்குப் பிடிக்கவில்லை. அதை விட்டுவிட்டு கட்டடம் வரையும் பாடத்தை எடுக்க விரும்பினாள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் படிவத்தில் தகப்பன் கையெழுத்து வைக்கவேண்டும். கடைசித் திகதி வெள்ளிக்கிழமை. அவளுக்குப் பதினெட்டு ஆவதற்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது.

"அண்ணா, நீங்கள் அப்பாவுக்குச் சொல்லுங்கோ. எனக்குச் சொல்லப் பயமாக் கிடக்கு" என்றாள். "நான் டொக்டரா வருவனெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார். நீங்கள் சொன்னாக் கேப்பார்."

"சொல்லுறன்" என்றேன். அந்த நேரத்தில் சொல்லத்தான் நினைத்திருந்தேன். இதை நீங்கள் நம்பவேண்டும்.

மிஸிஸ் பெற்றர்சன் என்ற ஆலோசகர் எங்களை ஒரு சின்ன அறைக்குள் இருத்தினார். பெற்றோர் தயங்காமல் பேசட்டும் என்று எமில்டாவை வெளியில் நிற்கச் சொன்னார். படிவம் மேசையில் இருந்தது. பிள்ளை இரசாயனத்தில் மிகவும் கஷ்டப்படுகிறாள், ஆனால் அவளுடைய வரைதலைப் பார்த்து வரைபட ஆசிரியர் வியந்துபோனார், இது பற்றி அப்பா என்ன நினைக்கிறார் என்று கேட்டார். அதை நான் அப்படியே தமிழில் சொன்னேன். அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

அப்பா யோசிக்கவே இல்லை. அவர் கொஞ்ச நேரமாவது யோசித்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

"பிடிக்காட்டி விடட்டும்" என்றார். "மரத்தை அதின்ரை ஓட்டத்துக்கு எதிராச் சீவினா சிலாம்பு எழும்பிக் கையிலைதான் குத்தும். வீடு கீறுறது நல்ல வேலைதானே தம்பி. என்ரை கை அவளுக்கு வந்திருக்கு. எங்கை கையெழுத்து வைக்கிறது?"

சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்கவேண்டும். தொண்ணூற்று மூன்றில் நானும் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பெரியவர்கள் படிக்கும் பள்ளிக்கூடம். அஜின்கோர்ட்டில் பிளாஸ்ரிக் பக்டரி வேலைக்கு வாரத்தில் இரண்டு நாள் லீவு கேட்டு இரசாயன வகுப்பில் சேர்ந்தேன். யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படிக்கும்போது பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்த பாடம் அது. எனக்கு மிகவும் பிடித்தது. அப்போது இதே அப்பா சொன்னார்: "நீ வேலையைக் குறைச்சா வீடு என்னெண்டு ஓடும்? அவள் படிக்கட்டும்." அந்த வகுப்பிலிருந்து விலகும் படிவத்தில் நானே கையெழுத்து வைத்தேன். எனக்கு வயது இருந்தது. யாரையும் உள்ளே கூப்பிட்டு, இவன் என்ன விரும்புகிறான் என்று கேட்கவில்லை.

நான் கோபப்படவில்லை. மிஸிஸ் பெற்றர்சன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அப்பாவும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறை முழுவதும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மிஸிஸ் பெற்றர்சனிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: அப்பா சம்மதிக்கவில்லை. மகள் டொக்டர் ஆகவேண்டும் என்பதற்காகத்தான் நாட்டை விட்டு வந்ததாகச் சொல்கிறார். இந்தக் கதையை இனிமேல் எடுக்கவேண்டாம் என்கிறார்.

பிறகு அப்பாவிடம் சொன்னேன்: "கையெழுத்துத் தேவையில்லையாம் அப்பா. பாடத்தை விடுற திகதி போன கிழமையோடை முடிஞ்சுதாம். இந்த வருசம் படிச்சுத்தான் ஆகவேணுமாம்."

அப்பா பேனையை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். "பாவம் பிள்ளை" என்றார். பிறகு மரியாதைக்காக மிஸிஸ் பெற்றர்சனைப் பார்த்துச் சிரித்து, "தேங்க் யூ" என்றார். ஆலோசகர் அந்தச் சிரிப்பைப் பிடிவாதமாக எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். பதிலுக்குச் சிரிக்கவில்லை.

ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பேர் இதைப் பேசிக் கண்டுபிடித்திருக்க மாட்டார்களா என்று கேட்பீர்கள். அதற்கும் வழி செய்யவேண்டியிருந்தது. எமில்டாவிடம், அப்பா சம்மதிக்கவில்லை, அவருக்குப் பிரஷர் ஏறிவிட்டது, இந்தப் பேச்சை அவருக்கு முன்னால் எடுக்காதே என்றேன். அப்பாவிடம், அவள் வெட்கத்தில் இருக்கிறாள், கேட்டால் அழுவாளாம், ரீச்சர் கேட்கவேண்டாம் என்று சொன்னவர் என்றேன். அவர்கள் நல்ல மனிதர்கள். ஒருவருக்காக மற்றவர் வாயை மூடிக்கொண்டார்கள். அவள் அவர் இருக்கும் இடத்தில் இருப்பதைக் குறைத்தாள். அவர் கோழிக்கறியில் நல்ல துண்டை அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துவிட்டு வேலைக்குப் போவார். அவள் அதைத் தொடாமல் மூடி வைப்பாள்.

இரசாயனத்தை நானே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் குசினி மேசையில் சுவர்ப்பக்கக் கதிரை ஒன்று உண்டு. அதில் இருப்பவர் எழும்பவேண்டும் என்றால் வெளிப்பக்கத்தில் இருப்பவர் விலகவேண்டும். அவளைச் சுவர்ப்பக்கம் இருத்தி நான் வெளிப்பக்கம் இருப்பேன். ஒவ்வொரு பின்னேரமும் இரண்டு மணித்தியாலம். சமன்பாடுகளைச் சமப்படுத்துவதில் ஒரு அழகு இருக்கிறது. அதை அவளுக்குக் காட்ட முயன்றேன். அவள் கண்ணீர் கொப்பியில் விழும். நான் பக்கத்தைத் திருப்பிவிட்டுத் தொடர்வேன். என் வாழ்க்கையில் மிகவும் சந்தோஷமான குளிர்காலம் அதுதான்.

தை மாதத்தில் அப்பா அவளுக்கு ஒரு வரைபலகை செய்தார். எங்கோ எறிந்திருந்த மேப்பிள் பலகையைக் கொண்டுவந்து, பல்கனியில் குளிருக்குள் நின்று இழைத்து, சரித்து வைக்கக் காலும் பூட்டினார். "நீ குடு தம்பி. நான் குடுத்தா அழப்போறாள்" என்றார். அதை நான் கட்டடத்தின் நிலவறையில் எங்கள் வீட்டுக்கென்று இருந்த பெட்டகத்தில் வைத்துப் பூட்டினேன். இடைக்கிடை கேட்பார்.

"பலகை பாவிக்கிறாளோ?"

"ஓம் அப்பா. பள்ளிக்கூடத்திலை வைச்சிருக்கிறாள்."

ஆனியில் அவள் இரசாயனத்தில் ஐம்பத்திரண்டு எடுத்தாள். பாஸ். ஆனால் எந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் புள்ளிக்கு அவளை எடுக்கவில்லை. ஆடியில் ஒருநாள் அப்பா வேலைக்குப் போனபிறகு ஒரு பையோடு வெளிக்கிட்டாள். வின்னிப்பெக்கில் ஒரு சிநேகிதி இருப்பதாகச் சொன்னாள். நான் மறிக்கவில்லை.

"அப்பாட்டை என்ன சொல்ல?" என்று கேட்டேன்.

"அவர் நினைச்ச பிள்ளை நானில்லையெண்டு சொல்லுங்கோ."

அதை நான் சொல்லவில்லை. வேலை கிடைத்துப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். அவள் எனக்குத்தான் போன் எடுப்பாள், அவர் வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து. "என்னைக் கேட்டவளோ?" என்று அப்பா கேட்பார். கேட்டவள் என்பேன். "அப்பா என்னைக் கேட்டவரோ?" என்று அவள் கேட்பாள். அதற்கு நான் பதில் சொல்லாமல் கொஞ்சம் பேசாமல் இருப்பேன். பேசாமல் இருப்பது பொய் ஆகாது.

தொண்ணூற்றொன்பது மாசியில் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். எமில்டா விமானத்தில் வந்தாள். அடக்கப் பூசையில் என்னைப் பேசச் சொன்னார்கள். பிள்ளைகளின் படிப்பையே தன் உயிராக நினைத்த மனிதர் என்று பேசினேன். முன்வரிசையில் அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

அவரைப் புதைத்துவிட்டுச் சேமக்காலையிலிருந்து திரும்பும்போது காரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். "ஒருக்கா அவர் 'சரி, விடு' எண்டு சொல்லியிருந்தாப் போதும் அண்ணா. நான் எங்கையும் போயிருக்க மாட்டன்" என்றாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். எனக்குச் சிவப்பு விளக்கு விழுந்திருந்தது, நேரமும் இருந்தது. ஆனால் அவள் களைத்திருந்தாள். துக்கத்தில் இருக்கும் ஒருவருக்குத் தேவையானது ஆறுதல்.

"அவர் உன்னை மன்னிச்சிட்டார்" என்றேன். "கடைசியிலை எனக்குச் சொன்னவர்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"நீங்கள் இல்லாட்டி அப்பாவுக்கும் எனக்கும் நடுவிலை ஒரு கதையும் இருந்திராது அண்ணா" என்றாள்.

அதை நான் மறுக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அது உண்மைதானே.