ஓரம் வரையாத மடல்

கழிமுகத்துக் காற்றைக் கரித்துண்டில் பிடித்த கலைஞரே! கண்டல் வேருக்கும் கொக்கின் கழுத்துக்கும் கோடு தந்த கையே! எண்ணூர்ப் பிள்ளைகளுக்குக் கண் திறந்துவிட்ட எங்கள் ஓவிய ஆசிரியர் இன்னாசி ஐயா அவர்களே! வணக்கம். உங்கள் பணி ஓய்வு நாளில் வாழ்த்தத்தான் வந்தோம், வயிறெரிந்து நிற்கிறோம்.

முப்பதாண்டுக் காலம் பிள்ளைகளை முகத்துவாரத்துக்கு அழைத்துப்போய்ச் சேற்றில் நிற்கவைத்தீர்கள். "செடியப் புடுங்கினு வராத, நீ செடிகிட்ட போ" என்றீர்கள். நெடுநேரம் பார்க்கச் சொல்லி, பிறகு முதுகைக் காட்டி உட்காரவைத்து, மனத்தில் மிஞ்சியதை மட்டும் வரையச் சொன்னீர்கள். நண்டுக்கு ஒரு கால் குறைந்தால், "பரவால்ல, நீ பாத்த நண்டு அது" என்று தட்டிக்கொடுத்தீர்கள். பார்க்காத நிறத்தை மட்டும் ஒருநாளும் மன்னித்ததில்லை. நீலத்தை வாரிப் பூசியவனிடம், "இந்தத் தண்ணிய எங்கடா பாத்த?" என்று கேட்டுத் தாளைத் திருப்பிக் கொடுப்பீர்கள்.

அந்தக் கண்ணோடுதான் சென்ற கோடை விடுமுறை முழுக்க வெயிலில் நின்று, பள்ளியின் முன்சுவரில் நம் ஆற்றை வரைந்தீர்கள். சாம்பல் படிந்த தண்ணீர், கருத்த வேர்கள், நடுவே ஒற்றைக் கொக்கு. ஆண்டு விழா விருந்தினர் கண்ணுக்கு அது உறுத்துமாம்! இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நிர்வாகத்தார் ஒரே நாளில் வெள்ளையடித்துவிட்டார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றில் கலந்தபோது வாய் திறக்காத பெருமக்களுக்கு, சுவரில் இருந்த சாம்பல் மட்டும் பொறுக்கவில்லை. என்ன அநியாயம் ஐயா இது! நாங்கள் கூடிப் போய்ச் சண்டையிட்டோம். முகத்துவாரக்குப்பத்திலிருந்து வரும் நம் பள்ளி ஆயா இருதயம்மாள், "சொவுத்துக்கு வெள்ள அட்ச்சா எங்க ஆறு வெளுத்துடுமா சார்? அது அப்டியேதான் கீது" என்று முகத்துக்கு நேரே கேட்டார்.

நீங்களோ, "இனிமே பென்சிலத் தொட மாட்டேன்" என்று பெட்டியை மூடிவிட்டீர்கள். உங்கள் கோபம் நியாயம். உங்கள் முடிவு அநியாயம்! அவர்கள் அழித்தது ஒரு சுவரை. மிச்சத்தை நீங்களே அழிப்பதா? உங்கள் மேலும் எங்களுக்குக் கோபம்தான்.

இங்கு ஓய்வுபெற்ற ஒவ்வொருவரின் மடலுக்கும் ஓரச்சித்திரம் தீட்டியவர் நீங்கள். கணக்கு ஆசிரியை ஜானட் அம்மையாருக்கு அவர் வீட்டு வாசல் முருங்கை. காவலர் மாசானத்துக்கு வாயிற்கதவில் அவரோடு காவலிருந்த அணில். உங்கள் மடலுக்கோ நிர்வாகம் அச்சகத்தில் தாமரையும் அன்னமும் போட்டு அனுப்பியது. எண்ணூரில் அன்னத்தை எவர் பார்த்தார்? அப்படியே திருப்பி அனுப்பிவிட்டோம்.

ஆகவே இம்மடலின் நான்கு ஓரங்களும் வெறுமையாக இருக்கின்றன, சட்டமும் போடவில்லை. பொன்னாடைத் தட்டில் பொன்னாடை இல்லை, பென்சில்தான் இருக்கிறது. கண் மங்காமல், கை நடுங்காமல், கழிமுகத்துக்கு நடக்கும் கால் ஓயாமல் நெடுங்காலம் வாழ்க ஐயா! ஆனால் ஒன்று. இங்கே, இவர்கள் முன்னிலையில், இந்த ஓரத்தில் நீங்கள் முதல் கோடு போடும்வரை எங்களில் ஒருவரும் கையெழுத்திட மாட்டோம்.

இப்படிக்கு,
காத்து நிற்கும்
ஆசிரியர்கள், பணியாளர்கள்