மோந்து பாத்து எறங்கு

அந்த ஸ்டூலு வாணாம் டீச்சர், காலு ஆடும். கட்டில்லயே குந்துங்க. மதி மாடில கீறா. நீங்க தெரு மொனையில வர்றதப் பாத்துட்டுதான் ஏறிப் பூட்டா. கூப்புட்டாலும் வரமாட்டா, அவ புடிச்சா புடிச்சதுதான்.

தெரியும் டீச்சர், இன்னாத்துக்கு வந்துகீறீங்கன்னு தெரியும். நாளைக்கி ஸ்கூல்ல புது லேபு தொறக்குறாங்கோ. பெரிய மன்சங்க வராங்கோ. அவுங்க எதிர்க்க சோதன செஞ்சி காட்ட, கிளாஸ்லயே கெட்டிக்காரின்னு எம் பொண்ண நிக்க வெச்சீங்க. அவ ஒத்திகைல கண்ணாடிக் குழாய அட்ச்சி ஒட்ச்சிட்டு, பையத் தூக்கினு வூட்டுக்கு வந்துட்டா. திமிருன்னாராமே ஹெச்செம்மு. மன்னிப்புக் கேட்டுட்டு நாளைக்கி வந்து செய்யணும், இல்லன்னா டீசிய வாங்கினு போன்னாராம். பத்தாவுது பரீச்ச வர்ற நேரத்துல டீசி. நல்லாகீது டீச்சர் ஒங்க நாயம்.

ஐயோ, ஒங்கள சொல்லல. ஒங்க பாடம்னா அவளுக்கு உசுரு. நான் அப்பார்ட்மெண்ட்ல பாத்ரூம் கழுவுறவ, தெரியுமில்ல? ஆசிட்ட ஊத்தி ஊத்தி, பாருங்க வெரல, தோலு எப்டி உரிஞ்சிகீதுன்னு. இவதான் சொன்னா, எம்மா, ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒண்ணா கொட்டாத, அதுல வர்ற பொக நெஞ்ச அட்ச்சிரும்னு. நீங்க சொல்லிக் குடுத்ததுதான? உலோகத்த வரிசையா ஒப்பிச்சிகினேதான் சோறு துன்னுவா. பொட்டாசியம் மொதல்ல நிக்கிமாம், தண்ணியக் கண்டாலே எரியுமாம். இரும்பு நடுவுல. தங்கம் கடேசில, ஆசிட்டுல போட்டாலும் அதுக்கு ஒண்ணியும் ஆவாதாம். மன்சனும் அப்டித்தாண்டி, தங்கமா கீறவனுக்கு எங்க போனாலும் ஒண்ணியும் ஆவாது, இரும்பா கீறவன்தான் அரிச்சிப் பூடுவான்னேன். சிரிச்சா. அப்பல்லாம் சிரிச்சிகினுதான் இருந்தா.

பயமா? எம் பொண்ணுக்கா? நெருப்பக் கையால எடுக்கும் டீச்சர் அது. பயமில்ல, எல்லாம் அந்தச் சத்தத்துலதான் ஆரம்பிச்சிச்சி. நீங்க போன வாரம் கிளாஸ்ல ஆசிட்டுல ஆணியப் போட்டு, கொமுளி கெளம்பி வர்றப்ப குழா வாயில நெருப்புக்குச்சியக் காட்டினீங்களாமே. டப்புன்னுச்சாம். புள்ளைங்கல்லாம் கை தட்டுச்சாம். ஹைட்ரஜன் வாயு, சத்தத்தோட எரியும், நல்லா ஞாபகம் வெச்சிக்குங்க, ரெண்டு மார்க்குன்னீங்களாம்.

ரெண்டு மார்க்கு.

அவுங்கப்பனப் பத்தி ஒங்களாண்ட ஒண்ணியும் சொல்லியிருக்கமாட்டா. அப்பா இல்லன்னு மட்டும்தான் சொல்லுவா. பரசுராமன்னு பேரு. வெல்டரு. காண்ட்ராக்ட்ல போயினு இருந்தாரு. மணலி பக்கம் ஒரு கம்பெனில கந்தக ஆசிட்டு டாங்க்கு ஓட்டையாப் பூட்ச்சி, உள்ள எறங்கி ஒட்டு போடணும்னு கூப்ட்டாங்கோ. இரும்பு டாங்க்கு. இரும்புல போயி ஆசிட்ட வெப்பாங்களா, அரிச்சிறாதான்னு நானே கேட்டேன் டீச்சர். தண்ணி கலக்காத கெட்டி ஆசிட்டு இரும்ப பெருசா ஒண்ணியும் பண்ணாதுடின்னாரு. அது மட்டும் தெரிஞ்சிகினு இருந்தாரு, பாவம்.

ஆசிட்ட வடிச்சிட்டாங்கோ. அடியில கொஞ்சம் நிக்கிமில்ல, அத்தக் கழுவணும். அங்க ஒரு சாரு, பிளாண்ட்டே அவரு கையில, கெமிஸ்ட்ரில பெரிய பட்ப்பு பட்சவரு, ஜெரால்டுன்னு. அவரு சொன்னாராம், ஓசு பைப்பப் போட்டு நல்லா தண்ணி அட்ச்சி கழுவு, அப்பால எறங்குன்னு. எங்காளுங்களுக்கும் அதான பயக்கம்? எது மேல தண்ணி பட்டாலும் சுத்தம்னு நெனப்பாங்கோ. காத்தால பூரா தண்ணி அட்ச்சிகீறாரு மன்சன்.

உள்ள கேஸ் கீதான்னு பாக்குறதுக்கு ஒரு மிஷினு கீதாமே? அத்தக் கொண்டாங்க சார்னு இவரு கேட்டுகீறாரு. அது வர லேட்டாவும், தலைய உள்ள வுட்டு மோந்து பாரு, நாத்தம் இல்லன்னா எறங்குன்னாராம். கூட வேல செஞ்ச கிருஷ்ணப்பன் பக்கத்துல நின்னு காதால கேட்டவன். இவரும் மோந்து பாத்தாரு. ஒரு நாத்தமும் இல்ல. எறங்கி வெல்டிங் ராட வெச்சாரு. அவ்ளோதான் டீச்சர். சத்தம் ரோட்டுக் கட வரைக்கும் கேட்டுச்சாம்.

ஏன் டீச்சர் ஒரு மாரியா ஆயிட்டீங்க? தண்ணி குடிக்கிறீங்களா? இருங்க, சொல்லி முட்ச்சிடறேன்.

உள்ள பீடி பத்த வெச்சாரு, அதான் வெட்ச்சிச்சின்னாங்கோ கம்பெனிக்காரங்கோ. உள்ள கேஸு எங்கேந்து வந்துச்சின்னு கோர்ட்டுல கேட்டாலும் ஆருக்கும் தெரியாதாம், எதிர்பாராததாம். பீடி குடிப்பாருதான், இல்லன்னு சொல்லல. ஆனா பீடிக்கட்டும் வத்திப்பொட்டியும் அவரு டிபன் பையிலயே கீது. அந்தப் பைய அவங்களேதான் எங்கையில குடுத்தாங்கோ. போலீஸாண்ட காட்டினேன். வேற பீடி வெச்சிருந்திருப்பாரும்மான்னாங்கோ. கிருஷ்ணப்பன் வாயத் தொறந்தான், அடுத்த நாள்லேந்து அவனுக்கு அங்க வேல இல்ல. அப்பால எங்க போயி ஆரக் கேக்கறது?

நான் நம்பல. ஆனா மதி நம்பிட்டா. அப்ப ஏழாவுது பட்ச்சிகினு இருந்தா. தெருப் பசங்க பீடி பீடின்னு கூவும். மூணு வருசமா அந்த மன்சன அப்பான்னு சொன்னதில்ல டீச்சர். அந்தாளுன்னுதான் சொல்லுவா. ஒரு பீடிக்காக நம்மள நடுத்தெருவுல வுட்டுட்டு பூட்டான் அந்தாளுன்னு எம் மூஞ்சிக்கி நேரா சொல்லுவா. அட்ச்சிகூட பாத்துட்டேன். திருந்தல.

நீங்க அந்த டப்பு காட்டின அன்னிக்கி வந்து வாசப்படியிலயே நின்னா. செருப்பக்கூட கயட்டல. எம்மா, அப்பா அன்னிக்கி டாங்க்குல தண்ணி ஊத்துனாரான்னா. அப்பான்னா டீச்சர். எனுக்கு மொதல்ல அதான் காதுல வுழுந்துச்சி. ஆமாண்டி, காத்தால பூரா ஊத்துனாருன்னேன். அப்டியே குந்திட்டா. கெட்டி ஆசிட்டுல தண்ணி கலந்தாதாம்மா இரும்போட சேந்து அந்த கேஸு வரும், டீச்சராண்ட கேட்டுட்டேன்னா. கழுவ கழுவ வந்துகினே இருந்திருக்கும், ராடு வெச்சதே போதும், பீடியே வாணாம்னா. அப்பால புக்கத் தொறந்து வெரல வெச்சிக் காட்டினா. நெறமற்றது, மணமற்றது. மணமற்றதுன்னா இன்னாடின்னேன். மோந்து பாத்தா தெரியாதும்மான்னா.

எனுக்கு வயிறு எரியுது டீச்சர். பத்தாங்கிளாஸ் புக்குல கீது. கோர்ட்டு, போலீசு, ஃபேக்டரி ஆபீசு, அம்மாம் பேரும் பத்தாங்கிளாஸ் தாண்டித்தான வந்திருப்பாங்கோ? எம் புருசன் ஒருத்தன்தான் தாண்டல. அவனப் போயி எறக்கிவுட்டு, பழியும் அவந்தலையில போட்டுட்டாங்கோ. அன்னிக்கி ராவெல்லாம் அவ அழுதா. நான் அழல. எனுக்கு கோவம்தான் வந்துச்சி.

இல்ல டீச்சர், குழாய அதுக்காக ஒடைக்கல. அதுக்கு அப்பாலயும் ஸ்கூலுக்கு வந்துகினுதான இருந்தா? நீங்க சோதனைய செய்யின்னப்ப சரின்னுதான சொன்னா? ஒத்திகையப்போ ஹெச்செம்மு மைக்கப் புட்ச்சி, புது லேப கட்டிக் குடுத்த கம்பெனிய வரவேற்கிறோம், நம்ம சீப் கெஸ்ட்டு ஜெரால்டு சார வரவேற்கிறோம்னு சொல்லிப் பாத்தாருல்ல, அப்பதான் ஒட்ச்சா.

ஆமா, அதே கம்பெனிதான். அதே ஆளுதான். நானும் கம்பெனி கேட்டாண்ட போயி வாட்ச்மேனக் கேட்டுட்டு வந்துட்டேன்.

அழாதீங்க டீச்சர், ஒங்களுக்கு எப்டி தெரியும்? ஹெச்செம்மாண்ட சொல்லிருங்க, மதி நாளைக்கி வருவா. நெசமாத்தான். மன்னிப்பும் கேட்டுருவா. ஆணிய அவளே போடுவா, நெருப்புக்குச்சியும் அவளே காட்டுவா. கெட்டி ஆசிட்டாவே மேசையில வெக்கச் சொன்னா, நீங்க முன்னாடியே கலந்து வெச்சிற வாணாமாம். தண்ணிய மட்டும் ஜெரால்டு சாரு கையால ஊத்தணுமாம்.