மூடி திறக்காத சஹன்கள்

— எல்லாருக்கும் முன்னால நீ சோறு கட்டின சொப்பின் பேக்கைப் பறிச்சது பிழைதான், ஹமீமா. அதுக்காக மூணு நாளா போன் எடுக்காம இருப்பியா, புள்ள? வெள்ளவத்தையில இருந்து கொலன்னாவைக்கு ஓட்டோ பிடிச்சு வந்திருக்கேன்.

— உள்ளுக்கு வாங்க, ராத்தா. ஃபேன் வேலை செய்யாது. ஜன்னலோரம் இருங்க.

— சம்பந்தி ஊட்டுப் பொம்புளைகள் பார்த்துக்கொண்டு இருந்தாங்க, புள்ள. என்ட மகள்ட கல்யாணத்துல என்ட கூடப்பொறந்த தங்கச்சி எச்சில் சோறு கட்டினா எனக்கு எப்படி இருக்கும்?

— எச்சில் இல்ல. ஆறு பேர் சுத்தி இருந்து தின்னுற சஹன்ல என்ட பக்கத்தை நான் தொடவே இல்ல. என்ட பங்கைத்தான் கட்டினேன்.

— ஏன், பசிக்கல்லியா?

— பசிச்சது. அம்னாவும் அர்ஷாத்தும், ரெண்டு புள்ளைகளும் ஊட்டுல இருந்தாங்களே.

— கூட்டி வந்திருக்கலாமே!

— கார்ட்ல இருவர் என்டு நீங்கதான் எழுதியிருந்தீங்க.

— யா அல்லாஹ்... அது தூரத்து ஆக்களுக்குப் புள்ள! ஒனக்குப் போன்ல சொல்ல நினைச்சேன். கல்யாண அவசரத்துல மறந்துட்டேன்.

— விடுங்க. டீ ஊத்தவா? பிளேன்டீதான். பால்மா முடிஞ்சு போச்சு.

— வேணாம், இரு. ஒண்டு சொல்லணும், என்ட மனுசனுக்கும் சொல்லல்ல. சோறு காணாது என்டு பேர் வந்துடக் கூடாது என்டு பதினைஞ்சு சஹன் கூடுதலாப் போட்டேன். பன்னிரண்டுல மூடி கூடத் திறக்கல்ல.

— பன்னிரண்டா?

— ஓம். சம்பந்தி ஆக்கள் கண்டா, இவங்கட பக்கம் ஆக்களே வரல்ல என்டு கதைப்பாங்க. பின்பக்கமாக் கொட்டச் சொன்னேன். கோழி முழுசு முழுசாக் கெடந்திச்சு.

— ஒருத்தருக்கும் குடுக்கத் தோணல்லியா?

— தோணிச்சு. வெக்கம் விடல்ல. அந்தக் கல்யாண ஹோல் கிளீனர், தொப்பியும் மாஸ்க்கும் போட்டவன், சஹனை ஏந்திக்கொண்டு அசையாம நின்டான். கொட்டு என்டு சத்தம் போட்டேன். அந்தச் சூட்டோடதான் உள்ள வந்து ஒன்ட பேக்கைப் பறிச்சது. கோபம் ஒன் மேல இல்ல, புள்ள.

— ம்.

— ஒன்ட மனுசன் எங்க? அவர்ட்டயும் மாப்புக் கேக்கணும். பாயிஸ் கல்யாணத்துக்கு வரவே இல்லியே, என் மேல அவ்வளவு கோபமா?

— மெதுவாக் கதைங்க, உள்ள படுத்திருக்கார். அவர்ட கடையை மூடினதுல இருந்து அந்த ஹோல்லதான் வேலை. ஒங்களுக்குச் சொல்ல வெக்கப்பட்டார். சஹனோட ஒங்களுக்கு முன்னால நின்டது பாயிஸ்தான், ராத்தா.