இரண்டாவது காது

ரெக்கார்டைத் துடைக்கப் பழைய வேட்டித் துணிதான் நல்லது, ஐயா. புதுத் துணி கீறிவிடும். நீங்கள் இதைக் கேட்கவில்லைதான். ஆனால் தெரிந்ததையெல்லாம் சொல்லும்படி உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் சொன்னார்.

என் பெயர் விருத்தாசலம், வயது எழுபத்து மூன்று. திண்டிவனத்தில் நாற்பது வருஷம் மைக்செட் வைத்திருந்தேன். குழாய் ஸ்பீக்கருக்குக் கீழேயே படுத்துத் தூங்கியவன். என் காதைப் பற்றி ஊரில் பேச்சு உண்டு. ஒருமுறை நாயன ரெக்கார்டு ஒன்றைக் கேட்டுவிட்டு, வாசிக்கிறவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது என்றேன். விசாரித்ததில் இரண்டு பல் ஆடியது. புதுச்சேரியிலிருந்து ஆட்கள் ரெக்கார்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நான் தலையாட்டினால்தான் வாங்குவார்கள். போனில் வருவது பாட்டின் போட்டோ, ரெக்கார்டில் வருவதுதான் பாட்டு என்று அவர்களுக்குச் சொல்லியனுப்புவேன்.

துரைக்கண்ணு என் சம்பந்தி. விழுப்புரத்தில் ரயில்வேயில் இருந்தார். தண்டவாளத்தைச் சுத்தியலால் தட்டி, விரிசல் எங்கே என்று சத்தத்தை வைத்தே சொன்னவர். ரிட்டயர் ஆன பிறகு சர்க்கரை அவருடைய இரண்டு கண்ணையும் எடுத்துக்கொண்டது. அதிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். வாசலில் வருவது யார் என்று செருப்புச் சத்தத்தில் சொல்லிவிடுவார்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் மகளும் என் மருமகளுமான கவிதா எங்களுக்கு ஒரு போட்டி வைத்தாள். ஒரே பாட்டு, ஒரே ஸ்பீக்கர் பெட்டி. பத்துத் தடவை போடுவாள். ரெக்கார்டா, போனா என்று அவள் காதோடு சொல்ல வேண்டும். என் கண்ணைத் துண்டால் கட்டினாள். அவருக்குத் துண்டு தேவைப்படவில்லை.

அவருக்குப் பத்துக்குப் பத்து. எனக்கு மூன்று. மற்ற ஏழு தடவையும் ரெக்கார்டு அடக்கமாகப் பாடிவிட்டது என்று விளக்கினேன்.

"ரெக்கார்டு அடக்கமா பாடுச்சா, நீங்க தூங்கிட்டீங்களா மாமா?" என்று கவிதா சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. அவள் உள்ளே போன பிறகு என் முழங்கையைத் தடவிப் பிடித்தார்.

"சம்மந்தி, உங்களுக்குக் காது போய்க்கினு இருக்குது. எனக்கு ரெண்டு வருசமாவே தெரியும். மெஷின் ஒண்ணு வாங்கிக்குங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

சொல்லவும் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அடுத்த வாரம் புதுச்சேரி ஆள் வந்தார், நான் தலையாட்டினேன். சம்பந்தி மூலையில் சும்மா உட்கார்ந்திருந்தார். ஒரு மனிதர் அவ்வளவு சும்மா இருக்கக் கூடாது.

ஐப்பசி மழையில் அவருக்குச் சளி பிடித்து இரண்டு காதும் குத்தியது. வீட்டில் நாங்கள் இருவர்தான். நல்லெண்ணெயில் பூண்டு போட்டுக் காய்ச்சி இரண்டு சொட்டு விடச் சொன்னார். எல்லா வீட்டிலும் செய்கிற வைத்தியம். முதலில் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. இரண்டு சொட்டும் இல்லை, ஒரு கரண்டி.

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, எரியுது சம்மந்தி என்றார். மருந்து வேலை செய்கிறது, அடுத்த காதைக் காட்டுங்கள் என்றேன். திரும்பிப் படுத்துக் காட்டினார்.

முதல் காதை வேண்டுமானால் கைத்தவறு என்று எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது காதுக்கு வருவதற்குள் எண்ணெய் ஆறிப்போயிருந்தது. மறுபடி அடுப்பில் வைத்தேன்.

இரண்டு செவிப்பறையும் போய், உள்காது வரை வெந்துவிட்டது, இனிக் கேட்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாமாவுக்கு வயசாயிடுச்சு, கை நடுங்கியிருக்கும் என்று கவிதா அழுதுகொண்டே டாக்டரிடம் சொன்னாள். கை நடுங்கவில்லை.

இப்போது அவர் உள்ளங்கையில் விரலால் எழுதித்தான் எதையும் சொல்கிறோம். நேற்றுச் சாயங்காலம் அவராகவே பாட்டுப் போடச் சொல்லி, ஸ்பீக்கர் பெட்டிமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். ரெக்கார்டு வைத்தேன். "ரெக்கார்டு" என்றார். போனை வைத்தேன். "போனு." மாற்றி மாற்றிப் பத்துத் தடவை வைத்தேன். பத்தும் சரி.

"முள்ளு உக்காந்ததும் பொட்டி லேசா அதிருது, சம்மந்தி. நீங்களும் கைய வச்சிப் பாருங்க. உங்களுக்கும் உதவும்."

இன்று காலையில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு விழுப்புரம் பஸ் ஏறி இங்கே வந்துவிட்டேன். திண்டிவனம் போலீஸ் ஸ்டேஷனில் எல்லோரும் என்னைத் தெரிந்தவர்கள், நம்ப மாட்டார்கள். சம்பந்தி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, போட்டியை அன்றைக்கே மறந்துவிட்டேன் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.