எழுத்தைப் பெருசாக்கிட்டாங்களாம்

இல்ல தம்பி, இப்ப என்ன சொன்னீங்க, இன்னொருக்கா சொல்லுங்க. எழுத்தையா? எழுத்தைப் பெருசாக்கிட்டீங்களா? எனக்காகவா? யாசீன் தம்பி, எனக்குப் பொறந்ததுல இருந்தே ரெண்டு கண்ணும் தெரியாது. நீங்க வண்டியூர் தெப்பக்குளம் அகலத்துக்கு எழுதி வச்சாலும் எனக்கு ஒண்ணுதான்.

சேரெல்லாம் வேணாம், நின்னே பேசுறேன். இந்தத் தல்லாகுளம் ஆபீசுக்கு இது மூணாவது தடவை வாரேன். நாப்பத்திரண்டு படி, எண்ணி வச்சிருக்கேன். அந்த ஸ்கேன், டெஸ்ட்டு எடுக்குற லேப்புக்கு சைட்டு போட்டுக் குடுத்தது நீங்கதான? லேப்ல கேட்டா, யாசீன் சார்ட்ட போங்கங்கிறாக. உங்ககிட்ட வந்தா, லேப்ல லெட்டர் வாங்கிட்டு வாங்கங்கிறீங்க. நான் என்ன மினி பஸ்ஸா, இங்கிட்டும் அங்கிட்டும் ட்ரிப் அடிக்க? எனக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள இந்தச் சைட்டு வாயைத் திறக்கணும். ஏன் வெள்ளிக்கிழமைன்னு அப்புறம் சொல்றேன்.

இந்தப் போனைப் பாருங்க. இல்ல, பாக்காதீங்க, கண்ணை மூடுங்க. மூடிட்டீங்களா? பொய் சொல்லாதீங்க தம்பி, மவுஸ் சத்தம் கேக்குது. ம், இப்பக் கேளுங்க. ஸ்க்ரீன்ல இருக்குறதை இது எனக்கு வாசிச்சுக் காட்டும். உங்க சைட்டைத் திறந்து விரலைத் தள்ளுறேன். என்னா சொல்லுது? பட்டன். அடுத்தது? பட்டன். இதுவும் பட்டன். இதுல எது ரிப்போர்ட்டு, எது அப்பாயின்மென்ட்டு, எது கேன்சல்? போன மாசம் என் அப்பாயின்மென்ட்டை நானே கேன்சல் பண்ணித் தொலைச்சேன். ஒவ்வொரு பட்டனுக்கும் உள்ள ஒரு பேரு எழுதிவச்சா முடிஞ்சுபோச்சு, இது வாசிச்சுரும். பன்னெண்டு பெத்துப் போட்டிருக்கீங்க, ஒண்ணுக்காச்சும் பேரு வச்சீங்களா?

மேல புதுசா ஒரு படம் வேற. கருப்புக் கண்ணாடி, வெள்ளைக் குச்சி, எங்க ஆளு ஒருத்தரு. ஸ்டாஃப் ரூம்ல மலைச்சாமி சார்தான் பாத்துச் சொன்னாரு. அதை இந்தப் போன் எப்படி வாசிக்குதுன்னு கேளுங்க. ஐ எம் ஜி, அண்டர்ஸ்கோர், ஜீரோ ஜீரோ ஃபோர் செவன். அம்புட்டுதான் நாங்க, ஒரு ஃபைல் நம்பரு.

ஆமா, ஸ்டாஃப் ரூம்தான். சமயநல்லூர்ல இங்கிலீஷ் டீச்சர். ப்ளஸ் டூவுக்கு எடுக்குறேன். ஏன், நம்ப முடியலையோ? பஸ்ஸுல தனியாப் போறேன், வாரேன். கேள்வித்தாளை நானே கம்ப்யூட்டர்ல அடிக்கிறேன். உங்க சைட்டுக்கு வந்தா மட்டுந்தான் நான் ஒண்ணும் தெரியாதவ. ரிப்போர்ட்டு பக்கத்துக்குள்ள நுழையணும்னா நான் ரோபோ இல்லைன்னு காட்டணுமாம், படிக்கட்டு இருக்குற படத்தையெல்லாம் தொடணுமாம். உங்க நாப்பத்திரண்டு படியையும் ஏறி வந்து நிக்கிறேன், இது பத்தாதாமா?

அப்படியே உள்ள போனாலும் என்ன இருக்கு? பேப்பரைப் போட்டோ எடுத்து ஏத்தி வச்சிருக்கீங்க. உங்களுக்கு அது எழுத்து. இந்தப் போனுக்கு அது கலியாண ஆல்பம் மாதிரி வெறும் படம். இமேஜ்னு ஒத்த வார்த்தை சொல்லிட்டு வாயை மூடிக்கிரும். படத்துல இருந்து எழுத்தை எடுக்குற ஆப்பா? அதையும் போட்டுப் பாத்தாச்சு. குறுக்க லேப் பேரைப் பட்டையா அச்சடிச்சு வச்சிருக்கீங்கள்ல, அதுல முட்டிக்கிட்டு உளறுது.

ஒருத்தர்தான் கம்ப்ளெய்ன்ட் பண்ணியிருக்காங்களா? கதவைப் பூட்டிப்போட்டுட்டு யாருமே உள்ள வரலைன்னா எப்படி? சட்டம்லாம் இருக்கு தம்பி, அதை வச்சுக்கிட்டு வரணும்னாலும் வருவேன்.

என்னது? வீட்டுல யாரையாச்சும் வாசிக்கச் சொல்லலாமேவா?

அதத்தான் செஞ்சேன். எங்கண்ணன் ஸ்ரீனிவாஸ், எனக்காக உசிரையே குடுப்பான். தை மாசம் உங்க லேப்புல ஸ்கேன் எடுத்தோம். மாருல ஒரு கட்டி. கூச்சப்படாதீங்க, உங்க சைட்டுல கெடந்ததுதான். அவன்தான் திறந்தான். நான் பக்கத்துல ஒக்காந்திருக்கேன். எங்க சௌராஷ்ட்ர பாஷையில வரி வரியா மாத்திச் சொல்லிக்கிட்டே வந்தான். ஒரு எடத்துல நின்னான், இருமுனான். அப்புறம் எல்லாம் நார்மல்னான். அந்த ஒரு வார்த்தையை மட்டும் இங்கிலீஷ்ல சொன்னான். டாக்டர்கிட்டயா? கூட வந்தவங்களத்தான் அவுக வெளிய கூப்பிட்டுப் பேசுவாக. அன்னைல இருந்து சத்துப் பொடின்னு ஏதோ நாட்டு மருந்தைப் பால்ல கலக்கித் தந்தான். நானும் வாங்கி வாங்கிக் குடிச்சேன், கூறுகெட்டவ.

போன வாரம் கையைத் தூக்க முடியல. ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டு வேற ஆஸ்பத்திரிக்குத் தனியாப் போனேன். தை மாசத்து ஸ்கேன் கவரையும் கொண்டுபோயி, இதுல நார்மல்னு போட்டிருக்கு டாக்டர்னு நானே நீட்டுறேன். அந்தம்மா பிரிச்சு வாசிச்சுட்டு, நார்மல்னு யாரு சொன்னதுன்னு கேட்டாக. மறுபடி ஸ்கேன் எடுத்தாக. அவுக ரிப்போர்ட்டு எழுத்தா வந்துச்சு. பஸ் ஸ்டாப்புல நின்னு காதுல மாட்டிக் கேட்டேன். போனுக்கு இருமல் வராதுல்ல, கடகடன்னு சொல்லிருச்சு. தையில இருந்ததை விட ரெண்டு மடங்காம், கைக்கு அடியிலயும் பரவியிருக்காம்.

நான் நல்லாத்தான் இருக்கேன், தண்ணியெல்லாம் வேணாம். சதையைக் கொஞ்சம் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்காக. எங்கன்னு நெனைக்கிறீங்க? உங்க லேப்புக்குத்தான். வெள்ளிக்கிழமை உங்க சைட்டுல ஏறும். என் பேரு சுந்தரவல்லின்னதும் பழைய பதிவுலயே சேத்துட்டாகளாம்.

எனக்குத் தெரியும்கிறது எங்கண்ணனுக்கு இன்னும் தெரியாது. கீழ வண்டியிலதான் ஒக்காந்திருக்கான், நீங்க பாத்தா ஒண்ணும் காட்டிக்காதீங்க. ரிப்போர்ட்டைத் திறக்குற ஓடிபி அவன் போனுக்குத்தான் போகுது. முதல்ல அதை மாத்துங்க. என் நம்பரைச் சொல்றேன், எழுதிக்கோங்க. சின்ன எழுத்தாவே எழுதுங்க, போதும்.