கரும்பு மிஷினு ஒயுகின மூணு நாளு

...அதான் சொல்றேன் ஜுபைர் பாய், அந்த ஆளு கை வெச்சா எதுவும் வெளங்காது! தோ பாரு, மறுபடியும் சொட்டுது. சொட்டு... சொட்டு... மூணு நாளா இதே பேஜாரு. பெட்ரோலு டேங்க்குல நிக்கவே மாட்டேங்குது, கார்பரேட்டரு அடியில பூந்து ரோட்டுக்குப் போவுது. கடைக்கு முன்னால நின்னு ஒரு புள்ள கேக்குது, "அக்கா, கரும்பு ஜூஸுல இன்னா பெட்ரோல் வாசன அடிக்குது"ன்னு. எலுமிச்சம்பயம் தூக்கலா புயிஞ்சி குட்த்தேன். அப்பவும் அடிச்சிச்சி!

நீ பாரு. மெக்கானிக்கு நீதானே, நீ பாட்டுக்குப் பாரு. நான் வாய மூடிக்கினுதான் கீறேன்.

டியூபு மாத்தியாச்சி பாய். பெட்ரோல தொறந்து மூட்ற காக்கு மாத்தியாச்சி. அந்த அடிக் கிண்ணத்துக்கு நடுவுல வாஷர் மாதிரி ஒண்ணு கீதே, அத்தியும் மாத்தியாச்சி. எண்ணூர்ல போறவன் வர்றவன் அல்லாரும் மெக்கானிக்கு! ஒர்த்தன் சோப்ப தேய்ன்றான். தேய்ச்சேன். சோப்பு வாசனையோட சொட்டுது! இன்னொர்த்தன் ஸ்பேனரால ரெண்டு தட்டு தட்டுன்றான். தட்னேன். சொட்டிக்கினு இருந்தது ஊத்த ஆரம்பிச்சிச்சி.

அல்லாம் எங்கூட்டுக்காரரு தேசப்பன் பண்ண வேல. ஞாயித்துக்கெயம இஞ்சினு பிக்கப்பு இல்லன்னு அவரே கார்பரேட்டர கயட்டினாரு, அவரே மாட்டினாரு. அன்னிலேந்து ஒயுகுது. வுடுவேனா? தெருவே நின்னு பாக்க கேட்டுட்டேன், "உனுக்கு ஒரு ஸ்க்ரூ கூட ஒயுங்கா முடுக்கத் தெர்ல, இதுல இஞ்சினு பிரிக்க வந்துட்டியா"ன்னு. மனுசனுக்கு ரோசம் பொத்துக்கினு வந்திச்சி. "மெக்கானிக்கு வந்து பாக்கட்டும். எம்மேல தப்புன்னா இனிமே அந்த மிஷின தொடவே மாட்டேன்"னு சொல்லிட்டு, ராயபுரத்துல அவங்க அக்கா வூட்டுக்குப் பூட்டாரு.

போனா போட்டும்னுதான் இருந்தேன். மொத நாளு ஷோக்கா இருந்திச்சி பாய், மெய்யாலுமே. டிவி ரிமோட்டு என் கையில! ரெண்டாவது நாளு வூடே வெறிச்சோடி ஜிலோன்னு ஆயிடுச்சி. திட்றதுக்குன்னா கூட ஒரு ஆளு வோணும்ல? நேத்து சோறே எறங்கல. இத்த அவராண்ட சொல்லிடாத.

இன்னா, கயட்டிட்டியா? இன்னாது அது? ஊசியா? பெட்ரோலு நெறஞ்சா இதான் மேல ஏறி வயிய அடைக்குமா... சரி. முனையில ரப்பரு இல்லியா? இன்னா ரப்பரு? கறுப்பா... கடுகு சைஸுல...

இரு பாய்.

அன்னிக்கி அவரு கயட்டி தட்டுல வெச்சிட்டு ஐஸு வாங்கப் போனாரா... நாந்தான் அல்லாத்தையும் தொடச்சி வெச்சேன். அந்த ஊசில கறுப்பா ஒண்ணு கெட்டியா ஒட்டிக்கினு இருந்திச்சி. நம்ம ஊர்ல கறுப்பா ஒட்டிக்கினு இருந்தா இன்னா நெனைப்போம்? பவர் ஹவுஸு பொகையில ஜன்னல தொட்டா கரி, கொடில காயிற துணில கரி, கொயந்த மூக்க சிந்தினா கரி! காலைல எய்ந்தா தொடைக்கிறதும் சொரண்றதும்தானே நம்ம பொயப்பு. இதுவும் கரிதான்னு பிளேடால பேத்து எறிஞ்சிட்டேன். பித்தள பளபளன்னு வந்திச்சி, தெரியுமா? "பாத்தியா, எப்டி கீது"ன்னு பெருமையா வேற குட்த்தேன். கண்ணாடி போடாம அவரும் வாங்கி மாட்டினாரு.

சிரிக்காத பாய்! அய்ய... போனு வேற அடிக்குது. அவருதான்.

"ஹலோ... ஆங், பாய் வந்துகீறாரு. பாத்துக்கினுதான் கீறாரு... இன்னா? இல்லய்யா, நீ ஏன்... யோவ், என்னிய பேச வுடுய்யா... எங்க கீற?... சரி, வா."

கேட்டியா? வூட்டுக்கு வந்துக்கினு கீறாராம், விம்கோ நகரே தாண்டிட்டாராம். "நீ சொன்னதுதான் கரீட்டு, எனுக்கு வேல தெர்ல, இனிமே கரும்ப மட்டும் சீவிக் குடுக்கறேன், சண்ட வோணாம்"ன்றாரு. மூணு நாளா குந்தி இத்ததான் ரோசன பண்ணிக்கினு இருந்துகீறாரு. சிரிப்பும் வருது பாய், அயுகையும் வருது.

ஏய், இன்னா பண்றே? புது ஊசி போட்றியா? வோணாம், இப்ப மாட்டாத! பிரிச்சது பிரிச்ச மாதிரியே கெடக்கட்டும். அவரு வரட்டும், நானே அந்த மொட்ட ஊசிய எடுத்துக் காட்டி சொல்லிர்றேன். இஞ்சினு ஓட ஆரம்பிச்சிட்ச்சின்னா, என்னப் பத்தி எனக்குத் தெரியாதா, கம்முனு இருந்துடுவேன்.

நீ மட்டும் எங்கியும் பூடாத பாய். இப்டி ஓரமா குந்து. கொஞ்சம் பயமா கீது.