புல்வே திரும்பும் வரை

ஆறு மணி நேரம் இருபது நிமிடம் படகில் அசையாமல் உட்கார்ந்தால் முதலில் மரத்துப்போவது கால் அல்ல, இடுப்பு. பறவைப் படம் எடுக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கொஞ்சம் அருகில் வாருங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. எனக்குச் சத்தமாகப் பேச வராது. பயந்த சுபாவம். கம்பாலாவில் விலங்கியல் படித்த மூன்று வருடமும் வகுப்பில் நான் ஒரு கேள்வி கேட்டதில்லை. கேமராவைத் தூக்கினாலே கை நடுங்கும்.

என் படகோட்டியின் பெயர் கசிரியே; முன்பு மீனவர். புல்வேயைக் கண்டால் அன்று வலையில் மீன் விழாது என்று நம்பிய குடும்பம். இப்போது அந்தப் பறவையைக் காட்டித்தான் பிழைப்பு.

"எங்கப்பா இதைப் பார்த்தா துடுப்பைத் தூக்கிட்டு அடிக்கப் போவாரு, தங்கச்சி. இன்னிக்கு என் மூணு புள்ளைக்கும் இதுதான் பீஸ் கட்டுது" என்று சிரித்தார். உடனே வாயைப் பொத்திக்கொண்டார். புல்வேக்குப் பக்கத்தில் யாரும் குரல் உயர்த்தக் கூடாது. படகோட்டிகள் வைத்திருக்கும் விதி. மீறியவர் ஒரு மாதம் படகு இறக்க முடியாது.

முப்பதடி தள்ளி அது நின்றது. சாம்பல் நிறம், மரச்செருப்பைக் கவிழ்த்தது போல அலகு. முன்னால் ஒரு கோரைத்தண்டு மறைக்கிறது என்று நான்தான் சொன்னேன்.

"அதுக்கென்ன, வளைச்சு விட்டா போச்சு."

படகு தள்ளும் நீளக் கழியைப் படகில் வைத்துவிட்டுக் கோரைத் திட்டில் இறங்கினார். எங்கள் ஏரியில் திட்டு என்பது தரை அல்ல. பின்னிய வேர்கள் தண்ணீரில் மிதக்கும். எங்கே கால் தாங்கும் என்று அவருக்குத் தெரியும். அன்று கீழே பார்க்காமல் பறவையைப் பார்த்துக்கொண்டே கால் வைத்தார்.

மார்பு வரை சத்தமில்லாமல் உள்ளே போனார். வேரைப் பிடித்தார், வேர் கையோடு வந்தது. அப்போதும் கத்தவில்லை.

"தங்கச்சி... கழி. கழியை நீட்டு" என்று கிசுகிசுத்தார்.

அப்படிப்பட்ட பயத்தை அதுவரை நான் கண்ணாடியில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்துப் புல்வே தலையைத் திருப்பியது. நாள் முழுக்க அசையாத பறவை. சட்டென்று தண்ணீரில் அலகைப் பாய்ச்சி எடுத்தது; விலாங்கு போன்ற ஒரு மீன் அதில் துடித்தது. விழுங்கி முடிக்க நான்கு நிமிடம். முடிந்ததும் அவரைக் கவனிக்கலாம் என்றுதான் இருந்தேன். அவர் பொறுக்கவில்லை. "நந்தோங்கோ!" என்று என் பெயரைச் சொல்லிக் கத்தினார். பறவை எழுந்து போய்விட்டது. எனக்குக் கோபம் வந்தது, உண்மைதான். திரும்பிப் பார்த்தபோது தண்ணீர் மூடியிருந்தது.

கழி மிதந்து போய்விட்டது என்று அவர் மனைவி நப்போசாவிடம் சொன்னேன். அவள் என் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ என்னடி பண்ணுவே, பாவம். இப்பவும் எப்படி நடுங்குது பாரு."

நாற்பத்தொரு படங்களையும் பார்த்துவிட்டீர்கள். ஒன்றுகூட ஆடவில்லையே, இந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படி என்கிறீர்கள். நல்ல கேள்வி. வகுப்பில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி மாதிரி.

கழி எங்கும் போகவில்லை, ஐயா. என் முழங்கால்கள் மேல் குறுக்காகக் கிடந்தது. லென்ஸை அதன்மேல்தான் வைத்திருந்தேன்.